முதல் ஐம்பது மில்லி

அந்த ஆலையில் துளியக்காவுக்குப் பயப்படாத ஆளே கிடையாது. மேனேஜருக்குக்கூட உள்ளூர ஓர் உதறல் உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான்.

தானமாக வந்த ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மா, பாறை மாதிரி உறைந்த பைகளில் அங்கே வந்து இறங்கும். அதை உருக்கி, பிரித்து, வடிகட்டி, கடைசியில் சுண்டுவிரல் உயரக் குப்பிகளில் மருந்தாக அடைத்து வெளியே அனுப்புகிற உற்பத்தி வரிசைக்கு அவள்தான் தலைவி. இருபத்திரண்டு வருஷமாக. பையை வெட்டும்போது யாராவது ஒரு சொட்டை மேஜையில் விட்டுவிட்டால் போச்சு.

"அது என்ன, குழாய்த் தண்ணியா? எவனோ ஒருத்தன் வேலைய விட்டுட்டு வந்து, கைய நீட்டி, ஊசி குத்திக்கிட்டுக் குடுத்தது! ஒரு துளி, ஒரே ஒரு துளி சிந்தினாலும் என் கண்ணு முன்னால நிக்காத!"

பெயர் இப்படித்தான் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் சும்மா கிடந்தது.

வெறும் வாய்ச் சவடால் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஆலையில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு செய்முறைத் தாள் உண்டு. ஒவ்வொரு தாளிலும் தவறாமல் ஒரு வரி இருக்கும்: 'முதல் ஐம்பது மில்லியைக் கழிவுக்கு விடவும்.' குழாயில் சிக்கிய காற்றுக் குமிழிகள் வெளியேறட்டும் என்று யாரோ எந்தக் காலத்திலோ எழுதி வைத்தது. துளியக்கா நின்று பார்த்தாள். குமிழிகள் மூன்று நான்கு மில்லியிலேயே ஓடிவிடுகின்றன. மிச்சம் முழுக்க நல்ல சரக்கு, சாக்கடைக்குப் போகிறது! விடுவாளா? எழுதிக்கொடுத்தாள், சண்டை போட்டாள், மேலே இருந்தவர்கள் சோதித்துப் பார்த்துச் சரி என்றார்கள். பழைய மெஷின்கள் எல்லாவற்றிலும் அந்த வரிக்குக் கோடு போட்டு அடித்தாயிற்று. அதனால் மட்டும் வருஷத்துக்கு நானூறு குப்பி கூடுதலாக வெளியே போயிற்று. வரிசையில் வேலை செய்யும் முப்பது பேருக்கும் குமிழி போன நொடியில் வால்வைத் திருப்பக் கற்றுக்கொடுத்தவள் அவள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவர்கள் கை அப்படித்தான் திரும்பும்.

அந்த நானூறு குப்பியில் ஒரு பங்கு அவள் தம்பிக்கும் போயிருக்கும்.

தம்பிக்கு ரத்தம் உறையாத நோய். பிறவியிலேயே வந்தது. அடிபட்டால் ரத்தம் நிற்காது. அடிபடாவிட்டாலும் மூட்டுக்குள் தானாகக் கசியும், வீங்கும், கசிந்து கசிந்து எலும்பையே அரித்துவிடும். அவன் உடம்பு ஏற்றுக்கொள்கிற மருந்து, பிளாஸ்மாவிலிருந்து எடுத்த உறைபொருள் ஒன்றுதான். கட்டட வரைபடம் போடுவது அவன் தொழில். வாய் மட்டும் ஏழூருக்குக் கேட்கும். "ஊருக்கெல்லாம் மாடிப்படி வரையறேன் அக்கா, நான் ஏறத்தான் ஒரு படிகூட இல்ல" என்று சிரிப்பான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. சாதாரணமாக வரவில்லை, ஆளையே கொண்டுபோகப் பார்த்தது. ஆறு வாரம் ஆஸ்பத்திரி. தோண்டித் துருவிப் பார்த்ததில், வந்த வழி தெரிந்தது. அக்காவின் ஆலைக் குப்பி! கொழுப்புச் சட்டை போட்ட வைரஸ்களை ஆலையில் ஒரு வகை சோப்புக் கரைசல் கொன்றுவிடும். சட்டை கழன்றால் அவற்றுக்கு உயிர் இல்லை. ஆனால் சட்டையே போடாத சில வைரஸ்கள் இருக்கின்றன. சோப்பு அவற்றை என்ன செய்யும்? அப்படி ஒன்று எல்லாக் காவலையும் தாண்டி, அக்காவின் கையாலேயே அடைக்கப்பட்டு, தம்பியின் நரம்புக்குள் போயிருந்தது.

பிழைத்து வந்தான். ஆனால் அவன் மனைவி மாறிவிட்டாள். அவள் நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். குளத்தின் அந்தக் கரையில் நிற்கிறவனுக்கும் கேட்கிற குரல். அன்றைக்கு அந்தக் குரலைத் தாழ்த்திப் பேசினாள், அதுதான் துளியக்காவுக்குத் தாங்கவில்லை.

"அண்ணி, உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா உங்க ஆலை மருந்து இனிமே இந்த வாசப்படி ஏறக் கூடாது. உயிர் போற அவசரம்னா ஆஸ்பத்திரில பார்த்துக்கலாம்."

"அப்ப முழங்கால்? டாக்டர் மாத்தணும்னு சொல்றாரே! ஆப்பரேஷனுக்கு எத்தனை குப்பி வேணும் தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் வேணாங்கறேன். ஒரு குப்பிக்கே இந்தப் பாடு. நூறு குப்பிய ஏத்திட்டு நான் விடிய விடிய கண்ணு மஞ்சளாகுதான்னு பார்த்துட்டு இருக்கணுமா?" அவள் கண் கலங்கிற்று. "நீங்களே வந்து, என் கண்ணைப் பார்த்து, 'பயப்படாத, போடு'ன்னு சொல்ற அன்னிக்குப் போட்டுக்கட்டும்."

துளியக்கா எழுந்து வீட்டுக்குக் கிளம்பினாள்.

அந்த நிலையில்தான் புற ஊதா மெஷின் வந்தது.

பார்க்க ஒன்றுமில்லை. நீளமான ஒரு விளக்கு. அதைச் சுற்றி, ஸ்பிரிங் மாதிரி, குவார்ட்ஸ் கண்ணாடிக் குழாய். பிளாஸ்மாக் கரைசல் அந்தச் சுருளுக்குள் சுற்றிச் சுற்றி ஓட வேண்டும். விளக்கிலிருந்து வருகிற, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் வைரஸின் உள்ளே இருக்கிற மரபு இழையை முறித்துவிடும். சட்டை போட்டிருந்தால் என்ன, போடாவிட்டால் என்ன, இழை முறிந்தால் அது பெருக முடியாது. கதை முடிந்தது.

கேட்பதற்கு எளிது. செய்வதற்கு? பிளாஸ்மாக் கரைசல் வெளிச்சத்தை விழுங்குகிற சரக்கு. ஒரு காகிதத் தடிமன் தாண்டினால் உள்ளே இருட்டு. அதனால்தான் குழாயைச் சுருளாக்கினார்கள். சுருளில் ஓடும்போது கரைசல் தன்னைத்தானே புரட்டிக்கொண்டு போகும், ஒவ்வொரு பகுதியும் ஒரு முறையாவது வெளிச்சத்துப் பக்கம் எட்டிப் பார்க்கும். இன்னொரு தலைவலி, வெளிச்சம் கூடினால் மருந்தும் சேர்ந்து கெடும். வைரஸ் சாக வேண்டும், மருந்து சாகக் கூடாது. அதற்காகச் செடியிலிருந்து எடுத்த ஒரு மஞ்சள் பொடியைக் கரைசலில் கலந்தார்கள். அது மருந்துக்கு வருகிற அடியைத் தான் வாங்கிக்கொள்ளும், பிறகு வடிகட்டி எடுத்துவிடலாம்.

மருந்து செய்கிற இடத்தில் யாரும் வேண்டுமென்றே வைரஸைக் கொண்டுவர மாட்டார்கள். அதனால் சோதனை ஆலைக்குள் நடக்கவில்லை. சாலைக்கு எதிர்ப்பக்கம், இரட்டைக் கதவு போட்ட தனிக் கட்டடத்தில், அதே மெஷினின் குட்டி ஒன்றை வைத்தார்கள். அதில் ஐந்து லிட்டர் கரைசல், கூடவே மனிதரை அண்டாத, பன்றிகளை மட்டும் தாக்குகிற ஒரு வைரஸ். இதுவும் சட்டை போடாத சாதிதான். இதைக் கொல்ல முடிந்தால் மற்றதையும் கொல்லலாம் என்று கணக்கு. பத்து லட்சம் உள்ளே போனால் வெளியே பத்துகூட மிஞ்சக் கூடாது.

அந்தக் கட்டடத்தின் ராணி ஒரு டாக்டரம்மா. வயது முப்பத்தைந்துக்குள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேஜை முழுக்கத் தேடுகிற ரகம். ஆனால் வைரஸ் என்று வந்துவிட்டால் கழுகுக் கண். மெஷினை ஓட்ட ஆலையிலிருந்து நல்ல கை ஒன்று வேண்டும் என்று கேட்டாள். ஆலையில் துளியக்காவைவிட நல்ல கை எது?

முதல் சோதனை முடிந்து, எண்ணிக்கை தெரிய ஒன்பது நாள் ஆயிற்று. டாக்டரம்மா காகிதத்தைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து வந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"ஆயிரத்துல ஒண்ணு மிஞ்சுது அக்கா."

"பத்து லட்சத்துக்கு?"

"ஆயிரம்."

பத்துகூட இருக்கக் கூடாத இடத்தில் ஆயிரம்! மேனேஜர் தாடையைத் தடவிக்கொண்டார். விளக்கின் சக்தியை இரண்டு மடங்காக்கி மறுபடி ஓட்டச் சொன்னார். ஓட்டினார்கள். இன்னும் ஒன்பது நாள். இந்தத் தடவை டாக்டரம்மா நடந்துகூட வரவில்லை, போனில் கூப்பிட்டாள்.

"அதே ஆயிரத்துல ஒண்ணு. அது மட்டுமில்ல, வெளிச்சம் கூடினதுல மருந்தோட வீரியம் நூத்துக்கு எழுபதா இறங்கிடுச்சு. வைரஸ் அப்படியே இருக்கு, மருந்துதான் செத்துச்சு!"

மேனேஜர் கூட்டம் போட்டார். இன்னும் ஒரே ஒரு சோதனை, அதிலும் தேறாவிட்டால் மெஷினைக் கட்டித் திருப்பி அனுப்பிவிடலாம் என்றார். "இது நமக்குச் சரிப்படாதும்மா. பேசாம இருக்கறத வெச்சு ஓட்டுவோம்."

இருக்கறத வெச்சு! துளியக்காவுக்கு மூக்கு நுனி சிவந்தது. இருப்பதை வைத்து ஓட்டியதால்தான் தம்பி ஆறு வாரம் படுத்தான். இந்த மெஷின் வெளியே போனால் முழங்காலும் போச்சு. டாக்டர் போன வாரம்கூட எச்சரித்திருந்தார், இன்னும் தள்ளிப்போட்டால் மாற்றுவதற்குப் பிடிமானமாக எலும்பே இருக்காது என்று. தம்பி இப்போது குளியலறைக்குப் போகவே சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். நாற்பது வயதுகூட ஆகவில்லை பாவிக்கு.

மறுநாள் காலை அவள் எதிர்க் கட்டடத்துக்குப் போனாள். டாக்டரம்மா இரண்டு காகிதங்களையும் அருகருகே வைத்துக்கொண்டு, தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறையாக உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு இது பிடிபடவே மாட்டேங்குது அக்கா. வெளிச்சம் போதலன்னா, கூட்டினதும் எண்ணிக்கை இறங்கணும் இல்ல? அசையவே இல்லையே! வெளிச்சம் பட்டதெல்லாம் செத்துத்தான் போயிருக்கு. ஏதோ ஒரு கொஞ்சம், வெளிச்சத்தையே பார்க்காம, குறுக்கு வழில போய் டப்பாக்குள்ள விழுந்த மாதிரி இருக்கு."

"எவ்வளவு கொஞ்சம்?"

"ஆயிரத்துல ஒரு பங்குன்னா, அஞ்சு லிட்டருக்கு அஞ்சு மில்லி. ஒரு டீஸ்பூன்."

துளியக்கா சட்டென்று எழுந்தாள்.

நேரே குட்டி மெஷின் பக்கம் போனாள். சுருளை முதலில் கரைசலால் நிரப்ப வேண்டும், பிறகுதான் விளக்கைப் போட வேண்டும், வெறும் குழாயில் விளக்கைப் போட்டால் சூடேறிக் கெட்டுவிடும். நிரப்பும்போது கரைசல் சுருளைத் தாண்டி, வெளியேறும் குழாயில் வால்வு வரைக்கும் வந்து நிற்கும். விளக்கு எரியாமலே தாண்டி வந்த கரைசல்! அதைத் தள்ளிவிடத்தான் இந்த மெஷினின் தாளில் அந்த வரி. முதல் ஐம்பது மில்லியைக் கழிவுக்கு விடவும்.

அவள் என்ன செய்தாள்? குமிழி போனதா, போயிற்று. வால்வைத் திருப்பினாள். தாளில் இருந்த வரியை அவள் கண் பார்த்தது, கை பார்க்கவில்லை. பார்த்தாலும், 'அதே பழைய குமிழிக் கதைதானே' என்று தாண்டிப் போயிருப்பாள். பக்கத்துக் கட்டத்தில் 'செய்யப்பட்டது' என்று டிக்கும் போட்டிருந்தாள். இரண்டு தடவையும்.

ஒரு சிரிஞ்சை எடுத்துச் சுருளின் முனையிலிருந்து வால்வு வரை உள்ள குழாயில் தண்ணீரை நிரப்பினாள். திரும்ப உறிஞ்சினாள். கோட்டைப் பார்த்தாள்.

ஐந்து மில்லி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அங்கே சக்கரம் வைத்த ஒரு ஸ்டூல் கிடந்தது, அதில் உட்கார்ந்துவிட்டாள். நான்தானா? என் கையா? மெஷினைக் குறை சொன்னோம், விளக்கைக் குறை சொன்னோம், பொடியைக் குறை சொன்னோம். உலகத்தில் வேறு எவள் இந்தத் தப்பைச் செய்வாள்? அலட்சியமானவள் தாளில் உள்ளபடி கொட்டிவிட்டுப் போயிருப்பாள், சோதனையும் தேறியிருக்கும்!

அடுத்து வந்த யோசனையை அவள் பிறகு யாரிடமும் மறைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன? மூன்றாவது தடவை தாளில் உள்ளபடி ஐம்பது மில்லியைக் கொட்டினால் தீர்ந்தது. சோதனை தேறும், மெஷின் தங்கும், தம்பிக்குக் கால் வரும். டாக்டரம்மா காரணம் தெரியாமலே சந்தோஷப்படுவாள். இருபத்திரண்டு வருஷப் பெயரும் அப்படியே இருக்கும்.

ஒரு நிமிஷம் அந்த யோசனை இனித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே இனித்தது.

ஆனால் அடுத்த நிமிஷமே முப்பது கைகள் கண் முன்னால் வந்து நின்றன. அவள் பழக்கிய கைகள். நாளைக்குப் பெரிய மெஷின் ஆலைக்குள் ஓடும். குமிழி போன நொடியில் அந்தக் கைகள் வால்வைத் திருப்பும். தாளில் ஆயிரம் வரி இருக்கட்டும், கை திருப்பும். வெளிச்சமே படாத ஒரு குவளைக் கரைசல், நல்ல சரக்கோடு கலந்து குப்பி குப்பியாகப் போகும். சோதனையில் தேறிய மருந்து என்று முத்திரையும் இருக்கும். அதில் ஒன்று தம்பி நரம்பில் ஏறும்.

"போடி இவளே" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு எழுந்தாள்.

டாக்டரம்மாவையும் இழுத்துக்கொண்டு நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். உட்காரவில்லை.

"ரெண்டு சோதனையும் ஊத்திக்கிட்டதுக்குக் காரணம் மெஷின் இல்ல சார். நான். முதல் ஐம்பது மில்லிய நான் கொட்டல. குமிழி போனதும் திருப்பிட்டேன். ஆனா கொட்டினதா டிக் போட்டிருக்கேன். அஞ்சு மில்லி வெளிச்சம் படாமப் போயிருக்கு, அளந்து பார்த்துட்டேன்."

மேனேஜர் வெடித்தார் பாருங்கள்! "ரெண்டு மாச வேலைம்மா! ரெண்டு மாசம்! செய்யாததச் செஞ்சதா எழுதினா நம்ம தொழில்ல அதுக்கு என்ன பேருன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? ஊருக்கே பாடம் எடுப்பீங்களே!" மேஜையில் தட்டியதில் பேனா உருண்டு கீழே விழுந்தது. துளியக்கா தலை குனிந்து நின்றாள். ஒவ்வொரு வார்த்தையும் சரி என்று அவளுக்கே தெரிந்தது.

திடீரென்று ஒரு சிரிப்புச் சத்தம். டாக்டரம்மா! கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சார், அவங்களத் திட்டறத அப்புறம் வெச்சுக்குங்க. இவங்க என்ன சொல்லியிருக்காங்கன்னு புரியுதா? அந்த அஞ்சு மில்லியத் தவிர மத்ததெல்லாம் செத்திருக்கு! முதல் தடவையே! பழைய வெளிச்சத்துலயே! மெஷின் வேலை செய்யுது சார்!"

மேனேஜர் தட்டுவதற்குத் தூக்கிய கை பாதியில் நின்றது.

"இன்னொண்ணு" என்றாள் துளியக்கா. "அடுத்த தடவை நான் கொட்டிடுவேன். ஆனா என் கைய நம்பாதீங்க. வரிசைல ஒருத்தர் கையையும் நம்பாதீங்க, எல்லாம் நான் கெடுத்து வெச்ச கை. விளக்கு முழு வெளிச்சத்துக்கு வந்து, முதல் பங்கு கழிவுக்குப் போனதுக்கு அப்புறம்தான் அந்த வால்வு திறக்கணும். அதுவரைக்கும் கடவுளே வந்து திருப்பினாலும் திரும்பக் கூடாது. பூட்டுப் போடுங்க."

பூட்டுப் போட்டார்கள். மெஷின் பிரிவு ஆள் ஒருவர் நான்கு நாள் உட்கார்ந்து, விளக்கோடும் அளவு மீட்டரோடும் வால்வை இணைத்தார். துளியக்காவுக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். 'இது நியாயமான கடிதம்' என்று கீழே ஒரு வரி எழுதினாள். மேனேஜர் அதைப் படித்துவிட்டு ஏதோ முணுமுணுத்தார்.

மூன்றாவது சோதனை அன்று அவளையே ஓட்டச் சொன்னாள் டாக்டரம்மா. சுருள் நிரம்பியது. விளக்கு எரிந்தது, வெளியே தெரிந்தது வெளிர் நீலமாக ஒரு கோடுதான். பம்ப் ஓடத் தொடங்கியதும் கரைசல் கழிவு ஜாடிக்குள் ஒழுகிற்று. தேன் நிறத்தில், சுத்தமாக, ஒரு குமிழிகூட இல்லாமல். பத்து மில்லி. இருபது. துளியக்காவின் வலது கை தானாக வால்வுப் பக்கம் போயிற்று! போய்த் தொட்டும்விட்டது. வால்வு அசையவில்லை.

"பார்த்தீங்களா? நான் சொல்லல?" என்று அவளே கத்தினாள். முகமூடிக்குள் இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் ஐம்பதாவது மில்லி விழுந்தபோது அவள் ஜாடிப் பக்கம் குனிந்தாள். "மன்னிச்சுக்கப்பா" என்று முகம் தெரியாத அந்தக் கொடையாளியிடம் வாய்விட்டுச் சொன்னாள். "உன்னோடத வீணாக்கல. மிச்சத்தக் காப்பாத்தக் கொட்டறேன்."

ஒன்பது நாள். எட்டாம் நாளே டாக்டரம்மா எட்டிப் பார்த்திருக்கிறாள், சொல்லத் தைரியமில்லாமல் இருந்திருக்கிறாள். ஒன்பதாம் நாள் காலை, வரிசையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே வர உடை மாற்ற வேண்டும், அதற்குப் பொறுமை இல்லை. ஒரு காகிதத்தைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்தாள். அதில் கொட்டை எழுத்தில் ஒரு பூஜ்யம். கீழே, சின்னதாக, மருந்து வீரியம் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு.

வரிசை முழுக்க நின்றுவிட்டது. முப்பது பேரும் முகமூடிக்குள் கத்திய கத்தலில் என்ன சொல்கிறார்கள் என்றே தெரியவில்லை. யாரோ துளியக்காவைக் கட்டிக்கொண்டார்கள். வெளியே மேனேஜர், டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார்.

அன்று சாயங்காலமே துளியக்கா வரிசையை உட்காரவைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். "இருபத்திரண்டு வருஷமா ஒரு துளி சிந்தாதீங்கன்னு கத்தினேன். இந்த மெஷின்ல சிந்தணும். நான் சொன்னது தப்பு. இனிமே இங்க எவராவது கொட்டாம விட்டா, என் கண்ணு முன்னால நிக்காதீங்க!" திட்டு பழைய திட்டேதான். அதனால் எல்லோருக்கும் சட்டென்று மனதில் பதிந்தது.

பெரிய மெஷினை நிறுவி, சோதித்து, அரசாங்க அனுமதி வாங்கி, வெளிச்சம் பட்ட முதல் குப்பிகள் வெளியே வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அன்று காலை ஆஸ்பத்திரி அறையில் தம்பி பச்சைச் சட்டையில் படுத்திருந்தான். மேஜையில் முதல் ஊசிக்கான குப்பிகள் வரிசையாக இருந்தன. அவன் மனைவி அவற்றுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றிருந்தாள்.

"சொல்லுங்க அண்ணி."

இத்தனை நாளாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருந்த பேச்செல்லாம் துளியக்காவுக்கு மறந்துபோயிற்று.

"ஒண்ணுமே இருக்காதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்மா. அப்படிச் சொல்றவங்கள நம்பாத. நாங்க தேடின அளவுக்கு ஒண்ணுகூட மிஞ்சல, அதுதான் எனக்குத் தெரியும். அதுக்கு முன்னால ரெண்டு தடவை மிஞ்சுச்சு. அது என்னால." ஐந்து மில்லிக் கதையைச் சொன்னாள். டிக் போட்டதைச் சொன்னாள். வாயை மூடிக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்ததையும் சொன்னாள். "இப்ப என் கையே நினைச்சாலும் முடியாது, பூட்டு இருக்கு. அதனால சொல்றேன், பயப்படாத, போடு."

தம்பி வழக்கம்போல ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தவன், மனைவி முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

அவள் ஒரு குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இத நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே அண்ணி."

"தெரிஞ்சிருக்காது."

"அன்னிக்கு இவர் மஞ்சளாப் படுத்திருந்தப்ப உங்க ஆலைலேருந்து மூணு பேர் வந்தாங்க. எங்க மருந்து பாதுகாப்பானது, பாதுகாப்பானதுன்னு பத்துத் தடவை சொன்னாங்க. ஒருத்தர் வாயிலயாவது 'தப்பாயிடுச்சும்மா'ன்னு ஒரு வார்த்தை வந்துச்சா?" அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "தன் தப்பத் தானே சொல்ற வாய் ஒண்ணு அங்க இருக்குன்னா, அது போதும் எனக்கு."

நர்ஸ் முன்னால் வந்தாள். தம்பி மனைவி கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். தானே குப்பியைத் திறந்து கலக்கினாள், தானே நரம்பைத் தேடினாள், வீட்டில் அவனுக்கு வருஷக்கணக்காக ஊசி போட்டுப் பழகிய கை. ஊசி ஏறும்போது துளியக்கா அழுதுவிட்டாள். வெட்கப்படவும் இல்லை.

ஆப்பரேஷன் நல்லபடி முடிந்தது. ஆனாலும் காமாலை உடனே தெரியாது. ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை. துளியக்கா ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஆறாவது வாரக் கடைசியில், மதிய ஷிப்டில், வரிசைச் சுவரில் இருக்கிற போன் அடித்தது. கையுறையைக் கழற்ற முடியாததால் முழங்கையால் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினாள். நீச்சல் குளக் குரல் அறை முழுக்க நிறைந்தது.

"அண்ணி! ஒண்ணும் இல்ல! எல்லா டெஸ்ட்டும் சுத்தம்! கண்ணு வெள்ளை வெளேர்னு இருக்கு!"

துளியக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அவன் எங்கம்மா? அவன்கிட்ட குடு."

"எங்க குடுக்கறது? ஆஸ்பத்திரி வராந்தாவோட அந்தக் கோடிக்குப் போயிட்டாரு. நில்லுங்கன்னா நிக்க மாட்டேங்கறாரு, தனியாவே நடந்து போயிட்டிருக்காரு!" சுவர்ப் போனையே பார்த்து நின்ற வரிசையிலிருந்து ஒரு பெரிய சத்தம் கிளம்பிற்று. அது அடங்கும் வரை அந்தப் பக்கம் பொறுமையாகக் காத்திருந்தது. பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது.

"அண்ணி, டாக்டர் இனிமே வாரம் மூணு குப்பி வீட்லயே போட்டுக்கச் சொல்றாரு. எப்ப கொண்டு வர்றீங்க?"